வைராக்கியமும் நம்பிக்கையும்

பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என மூவகை வைராக்கியங்களை நம் முன்னோர் நகைச்சுவையுடன் வகுத்துரைத்தனர். வலி தீர்ந்ததும், கதை முடிந்ததும், சிதை அணைந்ததும் கரைந்துபோகும் உறுதிகள் அவை. நான்காவதாகச் சேர்க்கத் தக்கது ஒன்றுண்டு. இனிக் குடிப்பதில்லை என்று விடியற்காலையில் செய்யப்படும் சத்தியமே அது. மாலை மயங்கும்போது அதுவும் மயங்கிவிடுகிறது.

அங்ஙனமாயின், குடியினின்று மீண்டவர்கள் எதனால் மீண்டனர்? மன உறுதியாலா, மருந்தாலா, இறையருளாலா? இவ்வினாவை எழுப்பும்போதே, குடி குற்றமா நோயா என்னும் மற்றொரு வினாவும் உடன் எழுகின்றது. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமையை ஓர் அதிகாரமாக வைத்து, அடுத்துச் சூதையும், அதனையடுத்து மருந்தையும் வைத்தார். அறத்தின் குரலும் மருத்துவத்தின் குரலும் அங்கே அண்டை வீட்டாராக இருக்கின்றன. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிப்பழக்க அடிமைத்தனத்தை நோயென ஏற்றது. நம் பெங்களூரின் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனமும் இதற்கெனத் தனிப்பிரிவு வைத்துச் சிகிச்சை அளித்து வருகின்றது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகலாம். உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் அங்கே வெறும் வைராக்கியம் போதாது; மருத்துவரும் வேண்டும்.

நோயென்று கூறினால் பொறுப்பு நீங்கிவிடாதா எனச் சிலர் வினவலாம். நீங்காது. காய்ச்சல் கண்டவனை எவரும் பழிப்பதில்லை. ஆயினும் மருந்தை உண்ண வேண்டியவன் அவனே அன்றோ?

1935ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வணிக முயற்சியில் தோல்வியுற்ற ஒருவர் விடுதியொன்றின் கூடத்தில் தனித்து நின்றார். பில் வில்சன் என்பது அவர் பெயர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயரோடு பேச வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். அவ்வழியே அறிமுகமானவர் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டுமே என்று இசைந்த அவ்வுரையாடல் பல மணி நேரம் நீண்டது. ஸ்மித் இறுதியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பிறந்த நாளாகக் கருதப்படுகின்றது. அதன் பன்னிரண்டு படிகள் தோல்வியை ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தீங்கிழைத்தோர்க்கு ஈடு செய்வதைக் கடந்து, பிறர்க்கு உதவுவதில் முடிகின்றன. இறைவனை அவரவர் உணர்ந்தவாறே கொள்ளலாம் என்பது அதன் கொள்கை.

இங்கு நாம் கருதத் தக்கது ஒன்று. வில்சன் தம் உதவிக்காக ஒருவரைத் தேடவில்லை. தாம் உதவ ஒருவரைத் தேடினார். அத்தேடலே அவரைக் காத்தது.

நம் தமிழகத்தில் நிகழ்ந்தது இதனினும் உருக்கமானது. சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் கணவரைக் குடிநோய்க்கு 1979இல் பறிகொடுத்தார். அயல்நாட்டுச் சிகிச்சையும் அவரைக் காக்கவில்லை. மறு ஆண்டே, 1980இல், கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவி, பிறர் வீட்டுக் கணவர்களையும் மைந்தர்களையும் மீட்கும் பணியில் இறங்கினார். 1992இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. மயானத்தில் பிறந்தும் மறையாத வைராக்கியம் ஒன்று உண்டெனில், அது இத்தகையதே. பிறர்க்கெனத் திரும்பியதால் அது நிலைத்தது.

நாம் அறிந்த அலுவலக நண்பர் ஒருவர் இருக்கிறார். சம்பள நாளன்று அவர் மனைவி குழந்தையுடன் வாயிலில் வந்து நிற்பார். அந்நண்பருக்கு அறிவுரை கூறியவர்களுள் நாமும் ஒருவர். அறிவுரை பலிக்காதபோது, அவரைக் கண்டால் வேறு வழியே செல்லவும் கற்றுக்கொண்டோம். இன்று எண்ணினாலும் நாணுகிறோம். சிகிச்சை பெற்றுத் திரும்பியபின் அவர் நம்மிடம் பணம் கேட்கவில்லை, உபதேசமும் கேட்கவில்லை. "சார், சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வருவீர்களா?" என்று மட்டுமே கேட்டார். வழியில் ஒரு மதுக்கடை இருந்தது.

நடந்தோம். அல்சூர் ஏரிக்கரைக் காற்றில், வீட்டுக் கதைகள் பேசியபடியே அக்கடையைக் கடந்தோம். இடையில் ஒருமுறை அவர் வழுக்கினார். மறுநாளே தலைகுனிந்து வந்து நின்றார். மீண்டும் நடந்தோம். ஓராண்டு கழிந்தபின் ஒரு மாலை, "இன்று உங்களோடு வர இயலாது சார், புதிதாக ஒருவரை நான் அழைத்துப் போக வேண்டும்" என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை எந்தப் பதவி உயர்விலும் நாம் கண்டதில்லை.

நம்பிக்கை முதலில் வந்து, மகிழ்ச்சி பின்னர் வரும் என்றே நாம் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. ஒருவன் தன்னை நம்புமுன் வேறொருவர் அவனை நம்ப வேண்டியிருக்கின்றது. அக்கடனை அவன் மூன்றாமவரிடம் திருப்பிச் செலுத்தும்போது மகிழ்ச்சி பிறக்கின்றது. இறைநம்பிக்கையும் பலர்க்கு இவ்வழியே வந்து சேர்கின்றது போலும்.

குடியை விட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று நண்பரைக் கேட்டால் அவர் கணக்குச் சொல்வதில்லை. "இன்று தொடவில்லை" என்பார். அவ்வளவே. நாளைய வைராக்கியத்தை அவர் நாளைக்கே விட்டுவிடுகிறார்.