இடறினவர்கள்

வேதசாட்சிகளின் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள், வாளுக்கும் நெருப்புக்கும் அஞ்சாது நின்றவர்களின் தீரத்தை எண்ணி மெய்சிலிர்ப்பது இயல்பே. ஆயினும், அதே நியாயஸ்தலத்தில் உடல் நடுங்கி, அதிகாரி சொன்னதைச் செய்துவிட்டு வீடு திரும்பியவர்களின் கதி என்னவாயிற்று என்று கேட்பார் மிகச் சிலரே. விசுவாசத்தின் நிமித்தம் வரும் பாடுகளைக் கிறிஸ்தவர்கள் எவ்விதம் ஏற்றார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம், அப்படித் திரும்பிப் போனவர்களிடத்திலேயே என் சிந்தை போய் நிற்கிறது.

கி.பி. 249-ஆம் ஆண்டில் பட்டத்துக்கு வந்த ரோமச் சக்கரவர்த்தி டேசியஸ், தன் ஆளுகைக்குட்பட்ட குடிகள் தேவர்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கு அத்தாட்சிச் சீட்டும் பெற்றுக்கொள்ள வேண்டுமென்று ஆக்ஞை பிறப்பித்தான். அச்சீட்டுகளில் சில, எகிப்து தேசத்தின் உலர்ந்த மணலில் நெடுங்காலம் புதைந்து கிடந்து, பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 250-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சீட்டு ஒன்றில், தியோகெனஸ் என்ற கிராமவாசி, தமக்கு வயது 72 என்றும், வலது புருவத்தில் தழும்பு உண்டென்றும் அடையாளம் கூறி, தாம் என்றும் தேவர்களுக்குப் பலியிட்டு வருபவரென்றும், இப்போதும் அதிகாரிகளின் கண்முன்னே பானபலி வார்த்துப் பலிப்பண்டத்தை உண்டதாகவும் சொல்லி, கையொப்பமிட்டுத் தரும்படி விண்ணப்பிக்கிறார். புருவத்துத் தழும்பைக்கூட விடாமல் குறித்துக்கொள்ளும் அரசாங்கத்தின் எதிரே ஓர் ஏழைக் குடியானவன் எங்கே ஒளிவான்? சிங்கத்தின் வாயைக் காட்டிலும் இந்தத் துண்டுச் சீட்டே எனக்கு அதிக அச்சத்தைத் தருகிறது. ஏனெனில், சிங்கத்தின் முன் தள்ளப்பட்டுவிட்டவனுக்கு வேறு வழியில்லை, சீட்டின் முன் நிற்பவனுக்கோ அரை நாழிகையில் காரியத்தை முடித்துக்கொண்டு மனைவி மக்களிடம் திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்கிறது.

அந்த வழியைப் பலர் நாடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் போகாமல், இன்றே பலியிட்டுவிடுகிறோம் என்று மன்றாடியவர்களைப் பற்றிக் கார்த்தேஜ் நகரத்து மேற்றிராணியார் சிப்ரியான் மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். வேறு சிலர், பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிப்ரியானோ நகரை விட்டு மறைந்து, மறைவிடத்திலிருந்து நிருபங்கள் எழுதிச் சபையை நடத்தினார். மந்தையை விட்டு ஓடினார் என்ற பழியும் அவருக்கு வந்தது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துன்புறுத்தும் ஊரை விட்டு வேறு ஊருக்குப் போகும்படி சீஷர்களுக்குச் சொன்னவர் கிறிஸ்துவே. ஸ்மிர்னா நகரில், குவிந்துஸ் என்பவன் தானே வலியச் சென்று அகப்பட்டு, மிருகங்களைக் கண்டதும் கலங்கிப் பலியிட்டுவிட்டதை, அந்நகரச் சபையார் எச்சரிக்கையாகவே எழுதி வைத்தார்கள். ஒரு தரம் ஓடிப்போன அதே சிப்ரியான், சக்கரவர்த்தி வலேரியன் காலத்தில், தம் சபையாரின் நடுவிலேயே சாட்சி பகரவேண்டுமென விரும்பி, 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், தம் கண்களைத் தாமே கட்டிக்கொண்டு, சிரச்சேதம் செய்ய வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொல்லிவிட்டு உயிர் நீத்தார்.

ஆனால் அவருடைய மரணத்தைக் காட்டிலும், அதற்குமுன் அவர் தலைமையில் நடந்த ஒரு விசாரணையே என்னை அதிகமாக ஈர்க்கிறது. டேசியஸின் உபத்திரவம் ஓய்ந்ததும், கண்ணீரோடு திரும்பி வந்தவர்களை என்ன செய்வது? மறுதலித்தவனுக்கு இனிச் சபையில் இடமே இல்லையென்றார் ரோமாபுரியின் நொவாத்தியான். சிறைப்பட்டுப் பாடனுபவித்தவர்களில் சிலரோ, அவர்களை உடனே சேர்த்துக்கொள்ளும்படி பரிந்து எழுதிக் கொடுத்தார்கள். 251-ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய மேற்றிராணிமாரின் சங்கம், சீட்டு மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கவும், பலியிட்டவர்கள் தவமிருந்து மரணத் தறுவாயிலேனும் சமாதானம் பெறவும் இடம் கொடுத்தது. பின்னர், மறுபடியும் உபத்திரவம் வரும் குறிகள் தோன்றியபோது, தவமிருந்து வந்த எல்லோரையும் அப்போதே திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளத் துணிந்தார்கள். தன் இரத்தத்தைச் சிந்தப்போகிறவனுக்குக் கிறிஸ்துவின் இரத்தத்தை மறுத்து எவ்விதம் அனுப்புவது என்பது அவர்களுடைய வாதம்.

குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வேலைக்காரியின் கேள்விக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்த பேதுருவிடமே ஆடுகளை ஒப்புவித்த சமயம், வேறெவ்விதம் தீர்மானித்திருக்கக் கூடும்? என் முன் இதுவரை யாரும் அத்தகைய சீட்டை நீட்டியதில்லை; நீட்டுங்காலத்தில் கையை மடக்கிக்கொள்ளும் பலத்தைக் கர்த்தர் எனக்குத் தரவேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். அந்தப் பலம் குன்றிய அயலான் ஒருவன் மறுநாள் காலையில் கோயில் வாசலில் வந்து நிற்பானானால், அவனை உள்ளே அழைக்கும் சபையிலேயே நானும் இருக்க விரும்புகிறேன்.