லாபம் நமக்கு, நஷ்டம் யாருக்கு?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நாயகத் திருமேனி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



ஒளுச் செய்யும்போது முழங்கையில் ஓரிடம் நனையாமல் விட்டுப்போனால் தொழுகை கூடுமா என்று ஆலிம்களிடம் நுணுக்கமாகக் கேட்கிறோம். நல்லதுதான். ஆனால், மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தையும், ஹஜ்ஜுக்கென்று எடுத்து வைத்த பணத்தையும் பிறர் கையில் கொடுக்கும்போது நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "மாதம் எவ்வளவு வரும்?" எங்கிருந்து வரும் என்று கேட்பதில்லை. நஷ்டம் வந்தால் யாருக்கு என்று கேட்பதே இல்லை. மார்க்கம் முதலில் கேட்கச் சொல்வது அந்தக் கேள்வியைத்தான்.

வியாபாரமும் வட்டியும்

வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே என்று வாதாடியவர்களைப் பற்றித் திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 275ஆம் வசனம் பேசுகிறது. அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்துவிட்டான் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியலாம். இரண்டிலும் போட்டதைவிட அதிகம் கிடைக்கிறது. வித்தியாசம் எங்கே?

திண்டிவனத்தில் ஒருவர் ஐம்பது மூட்டை மல்லாட்டை வாங்கி வைக்கிறார். விலை ஏறினால் லாபம் அவருக்கு. மழையில் நனைந்தாலோ, விலை இறங்கினாலோ நஷ்டமும் அவருக்கே. வட்டிக்குக் கொடுத்தவருக்கோ அந்தக் கவலை இல்லை. மூட்டை நனைந்தாலும் அவருடைய வட்டி நனையாது! பொறுப்பை ஏற்பவருக்கே ஆதாயம் உரியது என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி வந்துள்ளது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டுசென்று விற்று வந்தார்கள். அங்கே முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. இத்தகைய முளாரபா வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் முதலாளி முதலை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். இருவரில் ஒருவருக்கு மட்டும் நிச்சயமான தொகை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

அமெரிக்காவின் படிப்பினை

இந்த விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகிலேயே செல்வம் மிகுந்த நாடு சாட்சி சொல்கிறது. 1920களில் அமெரிக்க மக்கள் கம்பெனிப் பங்குகளை வெறிகொண்டு வாங்கினார்கள். கைப்பணம் கொஞ்சம், கடன் பணம் பெரும்பங்கு. கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்தவர் குறைவு; நாளை வேறொருவர் இன்னும் அதிக விலைக்கு வாங்குவார் என்று நம்பியவர்களே அதிகம். 1929 செப்டம்பரில் 381ஆக இருந்த நியூயார்க் பங்குக் குறியீட்டெண் 1932 ஜூலையில் 41ஆக விழுந்தது. 1933இல் நான்கு தொழிலாளிகளில் ஏறத்தாழ ஒருவருக்கு வேலை இல்லை. விளைந்த கோதுமை விலைபோகாமல் கிடக்க, நகரங்களில் மக்கள் இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள்.

அந்த இடி அங்கேயே நிற்கவில்லை. உலகெங்கும் விளைபொருள் விலைகள் சரிந்தன. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய அன்றைய தென்னாற்காடு ஜில்லா, மல்லாட்டைக்குப் பேர்போனது. அந்த மல்லாட்டையின் விலையும் நெல்லின் விலையும் வீழ்ந்தன. வாங்கிய கடனோ, அதன் வட்டியோ வீழவில்லை. கடனில் மூழ்கிய குடியானவர்களுக்காக 1938இல் சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. நியூயார்க்கைக் கண்ணால் கண்டிராத ஏழை, நியூயார்க்கின் சூதாட்டத்துக்கு விலை கொடுத்தான்.

2008இல் அதே கதை மறுபடி நடந்தது. திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களை மூட்டையாகக் கட்டிப் பிறர் தலையில் விற்றார்கள். கடன் கொடுத்தவருக்கு நஷ்டத்தின் பயம் இல்லாமற்போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்ற பெரும் நிறுவனம் திவாலானது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன.

நம் வாசலுக்கு வந்தது

"அது அமெரிக்கா, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது லாபம் தருவதாகப் பணம் வசூலித்தார். பின்னால் வந்தவர் கட்டிய முதலை எடுத்து, முன்னால் வந்தவருக்கு லாபம் என்று கொடுத்தார். சில மாதங்களில் கதை முடிந்தது. நூறாண்டு கழித்து நம் தமிழ்நாட்டில் ஆருத்ரா கோல்டு நிறுவனம், நூற்றுக்கு 25, 30 என்று மாதந்தோறும் தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக 2022இல் காவல்துறை வழக்குத் தொடுத்தது.

கணக்குப் பாருங்கள்! ஒரு லட்சம் போட்டால் மாதம் 30,000, வருஷத்துக்கு 3,60,000. திண்டிவனம் கமிட்டியில் எந்தத் தானிய வியாபாரி இதைச் சம்பாதிக்கிறார்? விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் விடியற்காலை முதல் நின்று தேநீர் ஆற்றுகிறவருக்கு இது கிட்டுமா?

இதைவிட வேதனையானது பெங்களூர் ஐ.எம்.ஏ. விவகாரம். அங்கே வட்டி என்ற பேச்சே இல்லை. ஹலாலான முதலீடு என்றார்கள். பணம் போட்டவரைப் பங்காளி என்றார்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்து மக்கள் நம்பினார்கள். 2019 ஜூனில் அது சரிந்தபோது 40,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். பெயரை மாற்றினால் ஹராம் ஹலாலாகிவிடாது.

அதே 2019 டிசம்பரில் விழுப்புரத்தில், மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தைத் தோற்றுக் கடனாளியான ஒரு தொழிலாளியின் குடும்பமே, குழந்தைகள் உட்பட, மாண்டுபோனது. தமிழ்நாட்டில் 2003லேயே தடை செய்யப்பட்ட லாட்டரி அது. சூதாட்டம் ஷைத்தானின் செயல் என 5ஆம் அத்தியாயம் 90ஆம் வசனம் ஏன் எச்சரிக்கிறது என்பதற்கு இனியும் விளக்கம் வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியது

பணம் கேட்டு வருபவர் சொந்த மைத்துனராக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன தொழில்? நஷ்டம் வந்தால் யாருக்கு? எழுத்தில் எங்கே? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு 2ஆம் அத்தியாயம் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எழுதக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது, அது இபாதத். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் முடங்க வேண்டாம். 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

கமிஷனுக்காக ஆள் சேர்த்தவர்களே! தீய காரியத்துக்குப் பரிந்துரைத்தவருக்கு அதில் பங்குண்டு என 4ஆம் அத்தியாயம் 85ஆம் வசனம் அறிவிப்பதைச் சிந்தியுங்கள். முன்கூட்டியே போட்டு, லாபத்தோடு தப்பித்தவர்களே! உங்கள் கையிலிருக்கும் அந்த லாபம், இன்னொரு விதவையின் முதல். முதல் மட்டுமே உங்களுடையது என்ற நீதியை 2:279 வகுத்துவிட்டது. மிகுதியை உரியவரிடம் சேர்க்காமல் தவ்பா நிறைவாகாது.

ஜமாஅத் பெரியவர்களே! நம் மக்கள் பேராசையால் மட்டும் இந்த வலையில் விழவில்லை; அவசரத்துக்குக் கடன் கேட்க வேறு வாசல் இல்லாததாலும் விழுகிறார்கள். நகையை அடகு வைத்த பெண்ணுக்கும், வாரத் தவணைக்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பத்துக்கும் பயான் மட்டும் போதாது. ஜகாத்தை முறையாகத் திரட்டுங்கள். பள்ளிவாசல்தோறும் கர்ளு ஹஸன் எனும் அழகிய கடனுக்கு ஒரு பைத்துல்மால் அமையுங்கள். ஐம்பது வீட்டார் மாதம் 200 ரூபாய் ஒதுக்கினால் மாதம் 10,000 சேரும்; ஒரு தையல் மெஷினுக்கோ, ஒரு தள்ளுவண்டிக்கோ அது போதும்.

யா அல்லாஹ்! ஹலாலான ரிஸ்க்கைக் கொண்டு எங்களைப் போதுமாக்கி, ஹராமை விட்டும் காத்தருள்வாயாக! கடனாளிகளின் கடனைத் தீர்த்து வைப்பாயாக! எங்கள் பொருளில் பரகத்தையும், எங்கள் உள்ளத்தில் போதுமென்ற மனத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.