அச்செழுத்தும் வாய்மையும்

கையெழுத்து என்பது மனிதன் விட்டுச் செல்லும் சுவடு. அதனை எழுதியவன் தன் வாழ்நாளின் சில கணங்களை அதற்கெனச் செலவிட்டிருக்கிறான். அச்செழுத்தோ எவருடைய கையையும் சாராதது. அவ்வாறாயின், கையெழுத்தின் கோலத்தைப் பூண்டு வரும் அச்செழுத்தை எங்ஙனம் மதிப்பிடுவது? அது அழகா, பொய்யா?

இம்முயற்சி பழமையானது. 1557 ஆம் ஆண்டிலேயே ரொபேர் கிரான்ஜோன் என்பார் லியோன் நகரில் பிரெஞ்சுக் கையெழுத்தைத் தழுவி அச்செழுத்து அமைத்தார். எனினும், தனித்தனி ஈயக் கட்டைகளில் நிற்கும் எழுத்துக்களைச் சாய்ந்து தொடர்ந்தோடும் கோடுகளாக இணைப்பது எளிதன்று. ஒளியச்சுக்கோப்பு முறை அத்தடையைப் பெரிதும் நீக்கியது. 1966 இல் மத்தியூ கார்ட்டர், பழைய ஆங்கில எழுத்தாசானான சார்ள்ஸ் சினெல்லின் கைவண்ணத்தை 'சினெல் ரவுண்ட்ஹாண்ட்' என்ற அச்செழுத்தாக்கினார். ஜேர்மனியரான ஹேர்மான் சாப்ஃப் 1998 இல் வெளியிட்ட 'சாப்ஃபினோ' மேலும் ஒரு படி சென்றது. மனிதக் கை ஓர் எழுத்தை இருமுறை ஒரேவிதமாக எழுதுவதில்லை. அச்சைக் காட்டிக் கொடுப்பது அதன் மாறாமையே. சாப்ஃபினோவில் ஓர் எழுத்துக்கே பல வடிவங்கள் உண்டு. போலியை இனங்காட்டும் அடையாளம் இதனால் மங்குகிறது. இங்கேதான் அறவினா கூர்மையடைகிறது.

போலச் செய்தல் யாவும் உண்மையிலிருந்து விலகுவதே என்பது பிளேட்டோவின் ஐயம். ஆயினும், கோயிற்றூணில் செதுக்கப்பட்ட தாமரையில் எவரும் தேனை எதிர்பார்ப்பதில்லை. அவ்வாறே, இத்தகைய எழுத்தில் அச்சிட்ட திருமண அழைப்பிதழைப் பெறுபவர், வீட்டார் ஒவ்வொன்றையும் கையால் எழுதினர் என நம்புவதில்லை. அவ்வெழுத்து உணர்த்துவது நிகழ்ச்சியின் சிறப்பையும் அழைப்பின் மரியாதையையுமே. அங்கு ஏமாற்று இல்லை.

ஒரு வணிக நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே கடிதத்தை, அவரவர்க்கெனக் கைப்பட எழுதியதுபோல் அனுப்புமாயின் நிலைமை வேறு. அங்கு இரவல் பெறப்படுவது வடிவமன்று, நம்பிக்கை. செலவிடப்படாத உழைப்புக்கு உரிமை கோரப்படுகிறது. இதன் தீங்கு ஏமாந்தவரோடு முடிவதில்லை. கள்ள நாணயம் பெருகிய சந்தையில் நல்ல நாணயமும் ஐயத்துக்குள்ளாவது போல, ஒரு நண்பன் மெய்யாகவே எழுதிய ஆறுதற் கடிதமும் நாளை ஐயத்தோடு பிரிக்கப்படும்.

கை தொட்டதா என்பது மட்டும் அளவுகோலாகாது. விரல் நடுங்கும் முதியவர் ஒருவர் தம் சொற்களை இவ்வெழுத்தில் அச்சிட்டு மகளுக்கு அனுப்பினால், அதனைப் பொய் என்பார் யார்? அங்கு சொல்லுக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார்.

ஆகவே குற்றம் எழுத்தின் வளைவிலன்று. அதனைக் கையாள்பவரின் நோக்கிலேயே உள்ளது. பெறுபவர் உண்மையை அறிந்த பின்னும் அவ்வெழுத்து இனிக்குமாயின் அது அழகு. அவர் அறிந்துவிடலாகாது என அனுப்புபவர் அஞ்சுவாராயின் அது பொய்.