எது அசல்?

செம்பரம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கமாக என் அக்காள் மகன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். ஒரகடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற உத்தியோகம். ஒரிஜினலையும் டூப்ளிகேட்டையும் பிரித்துப் பார்ப்பதே அவன் பிழைப்பு. அப்படிப்பட்டவன், "மாமா, ஒரு யோசனை சொல்லுங்கள்" என்று கூப்பிட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கூடத்தில் இரண்டு கதவுகளை வியாபாரி பார்வைக்கு இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஒன்று, காரைக்குடிப் பக்கம் வீடு பிரித்தபோது வந்த பழைய தேக்குக் கதவு. மற்றொன்று சமீபத்தில் செதுக்கியது. 'செட்டிநாட்டு ஸ்டைல்' என்று பெயர். சாயம் பூசி, அங்கங்கே உளியால் தட்டி, நூறு வயதுக் கிழவன் வேஷம் போட்டிருந்தார்கள்.

"இதில் எது மாமா அசல்?"

"இதிலென்னடா சந்தேகம்?" என்று பழையதைக் காட்டினேன்.

"தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. அந்த வீடுகளில் சலவைக்கல் இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம். எல்லாமே வெளியூர்ச் சரக்கு. பிறகு செட்டிநாட்டு அசல் என்று எதைச் சொல்வது?"

நியாயமான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை, கடல் கடந்து தேடிய பணத்தில் நகரத்தார் எழுப்பிய வீடுகள் அவை. சரக்கு அந்நியம்தான், ஆனால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்ற ஒழுங்கு அவர்களுடையது. கல்யாணமும் சாவும் அந்த வளவில் நடந்தன. வந்த சரக்கையெல்லாம் அந்த வாழ்க்கை தன்னுடையதாக்கிக்கொண்டது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. பசிபிக் தீவுகளின் மரச்சிலைக்கு 'டிக்கி' என்று பெயர். 1930களில் கலிபோர்னியாவில் மூங்கிலும் ஓலையுமாக மதுக்கடைகள் கிளம்பின. பின்னால் அந்தச் சிலையின் பெயரே அந்தப் பாணிக்கும் வந்தது. எது மெய்யான டிக்கி, எது வெறும் ஹவாய்ப் பொம்மை என்று சேகரிப்பவர்கள் வாதாடுகிறார்கள். தீவுக்காரன் கேட்டால் சிரிப்பான். இரண்டுமே அமெரிக்கக் கற்பனை! ஆனாலும் அந்த வாதத்தை நான் பரிகசிக்க மாட்டேன். கற்பனையிலும் சிரத்தையோடு செய்தது உண்டு, விற்பதற்கென்று அவசரமாகச் செய்தது உண்டு.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. என் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. காரைக்குடியில் பழஞ்சாமான் கடையில் வாங்கினேன். அதன் கழுத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் பெயரெழுத்துகள் வெட்டியிருக்கின்றன. ஒரு பெண் சீராகக் கொண்டுவந்த குடம். வருகிறவர்களிடமெல்லாம் "அசல் செட்டிநாடு" என்று காட்டிப் பூரித்திருக்கிறேன். எந்தப் பெண், என்ன கஷ்டத்தில் அது கடைக்கு வந்தது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பொருள் எவ்வளவு அசலோ, அதன்மீது எனக்குள்ள பாத்தியதை அவ்வளவு போலி!

மருமகனிடம் இதைச் சொன்னேன். "புதுக் கதவு வயதில் பொய் சொல்கிறது. பழைய கதவு பொய் சொல்லவில்லை. ஆனால் அதை உன் தலைவாசலில் மாட்டி, பரம்பரை வீடு போல நீ நின்றால், பொய் உன்னுடையதாகிவிடும். இன்னார் வீட்டுக் கதவு இது, நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடிந்தால் தாராளமாக மாட்டிக்கொள்."

அவன் வியாபாரிக்குப் போன் செய்து, கதவு எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் திரும்பிப் போயின.

இப்போது உள்ளூர்த் தச்சர் செய்த சாதாரண வேப்பமரக் கதவு நிற்கிறது. கூடத்துக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் வாங்கியிருக்கிறான். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்கிற கல். ஒன்றைப் போல் ஒன்று அச்சாக இருக்காது. அவன் தொழிற்சாலையாக இருந்தால் தள்ளிவிடுவான்.

என் குடத்தை இப்போதும் வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். "யாரோ ஒருத்தியின் சீர்" என்று மட்டும் சொல்கிறேன்.