கண்ணுக்கு மறைந்தால் கருணையாகுமா?

ஒரு பிராணியை இங்கே அறுக்கலாகாது என்று சட்டம் செய்துவிட்டால், அப்பிராணியின்பால் மனிதனுக்குள்ள கடமை தீர்ந்துவிடுமா? அமெரிக்க நாட்டுக் குதிரைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

குதிரை மாமிசம் உலகத்தார் யாவரும் வெறுக்கும் பொருளன்று. பிரான்சில் 1866-ம் ஆண்டிலேயே அதன் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. கஸாக் முஸ்லிம்களுக்கு அது விருந்துணவு. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் அதனை ஆகுமென்றார்கள். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் வெறுக்கத்தக்கது என்றார்கள். ஆகவே, உண்ணலாமா கூடாதா என்பதல்ல நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம். குதிரைக்கு நன்மை நாடிச் செய்த சட்டம் அந்நன்மையைச் செய்ததா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம் 1949-லேயே மனிதர் உணவுக்காகக் குதிரை மாமிசம் விற்பதைத் தடுத்தது. ஆனால் அச்சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் உறங்கிற்று. கலிபோர்னியா மக்கள் 1998-ல் வாக்களித்துத் தடை கொணர்ந்தனர். 2007-ல் டெக்ஸாஸ் சட்டம் செல்லுமென்று மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இல்லினாய் மாநிலமும் தடை விதித்தது. நாட்டில் எஞ்சியிருந்த மூன்று குதிரை அறுப்புக்கூடங்களும் மூடப்பட்டன. நல்லோர் பலர் மகிழ்ந்தனர். அவர்களது நல்லெண்ணத்தை நாம் குறை கூறவில்லை.

விளைவு என்ன? 2006-ல் அந்நாட்டில் அறுக்கப்பட்ட குதிரைகள் ஏறத்தாழ 105,000. கூடங்கள் மூடிய பின், 2010-ல் அறுப்பதற்கென்றே கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் அனுப்பப்பட்டவை ஏறத்தாழ 138,000! அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2011-ல் வெளியிட்ட அறிக்கையே இதைக் கூறுகிறது. லாரியில் உணவும் நீரும் ஓய்வுமின்றி 28 மணி நேரம்வரை கொண்டுசெல்ல விதி இடமளித்தது. எல்லை தாண்டிய பின்போ அமெரிக்க விதி எதுவும் அக்குதிரையைத் தொடராது. முன்பு அருகில் நேர்ந்த முடிவு, பின்பு தொலைவில், கூடுதல் வேதனையோடு நேர்ந்தது. பிற்காலத்தில் இவ்வெண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது உண்மையே. ஆனால் அக்குறைவுக்குக் காரணம் அறுப்புக்கூடங்களை மூடிய அச்சட்டங்கள் என்று சொல்வதற்கில்லை. அவை ஏற்றுமதியைத் தடுக்கவேயில்லை.

‘அப்படியானால் தடையே தவறு, கூடங்களைத் திறந்துவிடலாம்’ என்பர் சிலர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. கண்காணிப்புள்ள கூடம், கண்காணிப்பில்லாத நெடும் பயணத்தைவிட மேலானதே. ஆயினும் ஒரு தவறு வேறிடம் சென்றதனாலேயே அதனை வீட்டிற்குத் திரும்ப அழைக்க வேண்டுமென்பது நேர்மையான முடிவாகாது. வழியை முழுதும் அடைத்தோமா என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

நன்கு பேணினால் குதிரை 25, 30 ஆண்டுகள் உயிர் வாழும். பந்தயத்தில் ஓடுவதோ அதில் மிகச் சில ஆண்டுகளே. எஞ்சிய காலத்திற்குப் புல்லும் கொள்ளும் யார் தருவது? சட்டம் இக்கேள்விக்கு விடை சொல்லவில்லை. கசாப்புக்காரனின் கையைப் பிடித்தது. குதிரையை விற்றுவிட்டுக் கைகழுவியவனை விட்டுவிட்டது. 1986-ல் புகழ்பெற்ற கென்டக்கிப் பந்தயத்தை வென்ற ‘பெர்டினாண்ட்’ என்னும் குதிரை, கைமாறி ஜப்பான் சென்று, 2002-ல் அங்கே அறுபட்டு மாண்டதாகச் செய்தி வெளிவந்தது. கோப்பை பெற்றுத் தந்த குதிரைக்கே இக்கதியென்றால், பெயரற்ற வண்டிக்குதிரையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அன்பர்களே! கருணைக்குச் செலவு உண்டு. அச்செலவை ஏற்காத கருணை, நம் கண்ணுக்கு இதம் தருமேயன்றி, அப்பிராணிக்கு எதுவும் தராது. தடைச் சட்டம் பயன் தரவேண்டுமாயின் ஏற்றுமதி வாயிலும் அடைபட வேண்டும். அத்துடன், குதிரையால் பொருள் ஈட்டியோர் அதன் முதுமைக்கென ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கவும் வேண்டும். இரண்டும் ஒருங்கே நடவாவிடில், குதிரையின் துன்பம் இடம் மாறுமேயன்றித் தீராது.

இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய பாடமன்று. வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டுவிட்டு, ‘நாம் அதைக் கொல்லவில்லையே’ என்று ஆறுதல் கொள்வோர் எந்த ஊரிலும் உண்டு. ஒரு ஜீவனைக் கைக்கொள்ளும் நாளிலேயே அதன் கடைசி நாளையும் எண்ணிப் பார்ப்போமாக.