வம்ச வரலாற்றில் விடுபட்ட பெயர்கள்

நம்முடைய இல்லங்களில் முன்னோரைப் பற்றிய பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நின்றுவிடுகிறது. அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்ததாகச் சொல்லப்படும் பெரியவர் ஒருவர். பினாங்கிலோ கொழும்பிலோ பொருளீட்டி வந்து, தெருவிலேயே பெரிய வீட்டைக் கட்டிய பாட்டனார் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையில் வாழ்ந்து மறைந்த தலைமுறைகள் எங்கே போயின? பத்தமடையில் கோரைப் பாய் நெய்தவர்களும், கீழக்கரைக் கடலில் முத்துக் குளித்தவர்களும், கொடிக்கால்களில் வெற்றிலை பயிரிட்டவர்களும் யாருடைய பாட்டன்மார்? பெருமை தருவோரை மட்டும் பொறுக்கியெடுத்து, அதற்கு வரலாறு என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

முன்னோரை அறிவது எதற்காக என்பதற்கு விடை கண்டால்தான், யாரைச் சொல்வது, யாரை விடுவது என்பது விளங்கும்.

மனிதர் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறைவனிடத்தில் சிறப்புடையோர் இறையச்சம் மிக்கோரே என்றும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. உறவைப் பேணுவதற்குத் தேவையான அளவுக்கு வம்சாவளியை அறிந்துகொள்ளுமாறு பணிக்கும் நபிமொழி ஒன்றை இமாம் திர்மிதீ பதிவு செய்துள்ளார். 1332இல் தூனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் இதனை இன்னும் கூர்மையாக ஆராய்ந்தார். வம்சம் என்பது மனிதரின் எண்ணத்தில் நிற்பது. உறவையும் ஒருவருக்கொருவர் துணைநிற்றலையும் விளைவிக்கும் வரையில்தான் அதனால் பயன் என்பது அவர் முடிவு.

அப்படியானால் வம்ச அறிவு, நாம் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைக் காட்டும் கணக்கேடு போன்றது. வரவை மட்டும் எழுதி, கொடுக்கவேண்டியதை எழுதாமல் விடும் வணிகனை எவரும் நேர்மையாளன் என்று சொல்லார். தன் தந்தையல்லாதவரைத் தந்தையென உரிமை கோருவதை நபிமொழி வன்மையாகக் கண்டிக்கிறது. இல்லாத முன்னோரைச் சேர்ப்பது தவறென்றால், இருந்த உறவினரை நீக்குவதும் தவறே.

இந்தக் கணக்கில் நம் ஊர்கள் எழுதாமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு. சபராளிகளாய்ப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற நம் பாட்டன்மாரில் பலர் அங்கேயும் நிக்காஹ் செய்து குடும்பம் நடத்தினர். அவ்வழியில் பிறந்தோரைப் பர்மாவில் ஜெர்பாதிகள் என்றும், பினாங்கில் ஜாவிப் பெரானாக்கன் என்றும் அழைத்தனர். 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அரக்கான், மணிப்பூர் வழியாக நடந்தே வந்தவர்கள் பலர். 1964இல் பர்மிய அரசு கடைகளைத் தேசியமயமாக்கியபோது மீண்டும் கப்பல்கள் நிரம்பி வந்தன. வந்து சேர்ந்தவர்களைப் பற்றி ஊர் பேசிற்று. அங்கேயே நின்றுவிட்ட மனைவியரையும் மக்களையும் பற்றிப் பேசியோர் சிலரே. நாளடைவில், ‘பாட்டனார் சில காலம் பர்மாவில் இருந்தார்’ என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் ஒரு குடும்பமே மறைந்து போயிற்று.

‘மூத்தோர் மூடி வைத்ததை நாம் ஏன் திறக்கவேண்டும்? மரித்தோரின் குறையைப் பேசலாகாது என்றல்லவா நமக்குக் கற்பிக்கப்பட்டது?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பிறர் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் உயர்ந்த பண்பு. பாட்டனார் கோபத்தில் சொன்னதையும் சகோதரரோடு பகைத்ததையும் பேரன் எழுதி ஊருக்குக் காட்டவேண்டிய தேவை எதுவுமில்லை. ஆனால், முறையான நிக்காஹில் வந்த மனைவி எப்படிக் குறையாவாள்? அவள் பெற்ற பிள்ளை எப்படிக் குறையாவான்? ஒரு செயலை மறைத்தால் மரித்தவரின் மானம் காக்கப்படும். ஒரு மனிதரை மறைத்தால் உயிரோடிருப்போரின் உரிமை பறிபோகும். நம் வாரிசுரிமைச் சட்டம் பிள்ளைகளைப் பிறந்த நாட்டைக் கொண்டோ தாயின் மொழியைக் கொண்டோ பிரித்துப் பார்ப்பதில்லை. சொத்தைப் பங்கிடும் காலம் கடந்துபோயிருக்கலாம். உறவென்று ஏற்று ஸலாம் சொல்லும் காலம் கடந்துவிடவில்லை.

தேடுவதற்கான சான்றுகள் கையெட்டும் தூரத்திலேயே உள்ளன. மையவாடியின் மீஸான் கற்கள், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு, நிலப் பத்திரங்கள், அரபுத்தமிழில் எழுதப்பட்ட பழைய கடிதங்கள் ஆகியவை பேசும். படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அக்கடிதங்களைப் பழைய காகிதத்தோடு எறிந்துவிடாமல், அறிந்த ஆலிம்களிடம் காட்டவேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே வீட்டுப் பத்திரங்களைப் பின்னோக்கிப் படித்தால், ஆண்வழிப் பட்டியல் மறந்துவிட்ட பெண்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும்.

இவற்றினும் மேலான சான்று, வீட்டிலுள்ள மூத்த பெண்களின் நினைவு. கடல் கடந்து வந்த கடிதங்களில் எது வாசிக்கப்பட்டது, எது கிழிக்கப்பட்டது என்பதை அவர்களே அறிவர். கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவுசெய்ய ஒரு பிற்பகல் போதும். ஆனால் வற்புறுத்தலாகாது, தயங்கினால் காத்திருக்கவேண்டும். உயிரோடிருப்போர் மனம் புண்படுமாயின், எழுதி வைத்துவிட்டுச் சில காலம் பேசாதிருக்கலாம். எழுதாமலே விடுவதுதான் கூடாது.

மரித்தோருக்காகத் துஆக் கேட்கும்போது அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வது பல இல்லங்களில் வழக்கம். அந்த வரிசையில் விடுபட்ட பெயரையும் இனிப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்வோம். ‘இவர் யார்?’ என்று அவர்களில் ஒருவர் கேட்கக்கூடும். அருகில் அமர்த்தி, அறிந்ததைச் சொல்வோம்.