நம்முடைய அணி எது?

பிழைப்புத் தேடி அந்நிய நாடு சென்ற ஆசிரியர் ஒருவர், அங்கே ஆபிரிக்கக் கிராமப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறார். அயற் பாடசாலையுடன் உதைபந்தாட்டப் போட்டி நடைபெறும் நாளில், மைதானத்தின் ஓரத்தில் நின்று தம் மாணாக்கருக்காகக் குரல் கொடுக்கிறார். வகுப்பறை உழைப்புக்குச் சம்பளம் உண்டு. இந்தக் குரலுக்கு எவரும் சம்பளம் தருவதில்லை. போட்டி முடிந்ததும் "நாங்கள் வென்றுவிட்டோம்" என்கிறார். அந்த "நாங்கள்" என்ற சொல்லைச் சொல்லும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது?

இது வீண் கேள்வி அன்று. 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டு ஆசிரியர்கள் பலர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் சென்றனர். 1964இல் விடுதலை பெற்றபோது சாம்பியாவில் ஆபிரிக்கப் பட்டதாரிகள் ஏறத்தாழ நூறு பேரே இருந்தனர். ஏகாதிபத்தியம் விட்டுச் சென்ற சொத்து அவ்வளவுதான். எண்ணெய் வருவாய் பெருகிய நைஜீரியா, 1976இல் அனைவருக்கும் ஆரம்பக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. பாடசாலைகள் பெருகின, ஆசிரியர்கள் போதவில்லை. இங்கோ வேலையின்மையும் தரப்படுத்தலும், பின்னர் 1983இன் வன்செயலும் படித்தவர்களை வெளியே தள்ளின. அவர்கள் அனுப்பிய பணம் ஊரிலே கல்வீடாயிற்று, தங்கையின் சீதனமாயிற்று. 1986இல் நைராவின் மதிப்பு வீழ்ந்ததும் பலர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். உழைத்துப் பெற்ற கூலியில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால், கூலியோடு அந்த உறவு முடிந்துவிட்டதா என்பதே நம் விசாரணை.

விளையாட்டில் பக்கம் சாய்வது வெறும் பொழுதுபோக்கு, அதில் அறத்தைத் தேடுவது மிகை எனச் சிலர் கூறக்கூடும். ஆபிரிக்காவின் வரலாறு அவர்களை மறுக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அசிகிவே தம் உதைபந்தாட்ட அணியுடன் நைஜீரிய நகரங்களுக்குச் சென்று, ஆட்டத்தின் ஊடே விடுதலை உணர்வையும் வளர்த்தார். தமக்கென ஓர் இடமும் ஒதுக்கப்படாததைக் கண்டித்து 1966இன் உலகக் கிண்ணப் போட்டியை ஆபிரிக்க நாடுகள் பகிஷ்கரித்தன. 1970இல் அந்த இடத்தைப் பெற்றன. 1985இல் சீனாவில் நடந்த பதினாறு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நைஜீரியச் சிறுவர்கள் மேற்கு ஜேர்மனியை வென்றனர். தாழ்ந்தவர் என்று சொல்லி வளர்க்கப்பட்ட மக்களுக்குச் சமமான விதிகளின் கீழ் கிடைக்கும் வெற்றி, விளையாட்டிலும் பெரிது.

இனி அந்த ஆசிரியரின் நிலையை நோக்குவோம். வகுப்பறையில் அவர் கொடுப்பவர்; மாணாக்கர் பெறுபவர். எல்லைக்கோட்டின் அருகே இந்த ஏற்றத்தாழ்வு தலைகீழாகிறது. அவரால் ஒரு கோலும் போட முடியாது. அவருடைய மகிழ்ச்சி அந்தச் சிறுவர்களின் கால்களில் இருக்கிறது. அவர்கள் தோற்றால் அவரும் தோற்கிறார். பிறர் தோல்வியில் பங்கு கொள்ளச் சம்மதிப்பவருக்கே "நாங்கள்" என்று சொல்லும் உரிமை பிறக்கிறது. பரிவு காட்டுபவர் மேலே நின்று காட்டலாம். பங்கு கொள்பவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

எனினும் அந்த உரிமை முழுமையானதன்று. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் விமானம் ஏறிவிடுவார். சிறுவர்கள் அங்கேயே இருப்பார்கள். ஆகவே அங்கு சொன்ன "நாங்கள்" ஒரு கடன். அதை ஊரிலே தீர்க்க வேண்டும்.

இங்கேதான் யாழ்ப்பாணத்து மனச்சாட்சி சோதனைக்குள்ளாகிறது. கறுப்பின மக்களைக் "காப்பிலி" என்று இகழும் சொல் நம் மொழியிலேயே உண்டு. அதைக் கடலுக்கு அப்பால் மறந்தவர், ஊரிலே வழங்கும் சாதிப் பெயர்களையும் மறந்தாரா? 1930ஐ அண்டிய ஆண்டுகளில், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்வதை எதிர்த்துக் கிளர்ந்த சமூகம் இது. சங்கானையிலும், 1968இல் மாவிட்டபுரத்திலும் மனிதராக நடமாடும் உரிமைக்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரக் கிராமங்களில் கடற்றொழிலாளர் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தைத் தம் உயிராகப் போற்றி வளர்த்தனர். கல்லூரிகளின் கிரிக்கெட்டுக்குத் திரண்ட பழைய மாணவர் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த மணல் மைதானங்களின் ஓரத்தில் நின்றனர்?

தூரத்து மனிதனை நேசிப்பது எளிது. அவன் நம் கிணற்றில் தண்ணீர் அள்ள வருவதில்லை. அயலவன் வருகிறான். வாளியைப் பிடிக்கிறான், சமமாக உட்காருகிறான், பெண் கேட்கிறான். அவனுடைய வெற்றி நம் சலுகைகளில் ஒன்றைக் குறைக்கவும் கூடும். அப்போதும் அவனை நம்முடையவன் என்று சொல்ல முடிகிறதா என்பதே உரைகல்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நகரக் கல்லூரியின் வெற்றியைக் கொண்டாட ஆயிரம் குரல்கள் இருக்கின்றன. பதினொருவரைச் சேர்க்கவே திண்டாடும் சிறு பாடசாலையின் அணிக்கு யார் இருக்கிறார்கள்? அதன் தோல்வியை நம் தோல்வியாக ஏற்கும் நாளில், ஆபிரிக்கச் சிறுவர்களை நோக்கி நாம் சொன்ன சொல்லும் மெய்யாகும்.